கேஸ் ஜோசியரும் என் வயிற்றெரிச்சலும்

இந்த தேசத்தின் எந்த மூலையில் ஒரு வாயுக் குமிழி கிளம்பினாலும், அது எந்த ஊர், எந்த வம்சம், எந்த வயிற்றில் பிறந்தது என்று சொல்லக்கூடிய மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் என் தலையெழுத்து.

எண்பதுகளின் பின்பாதி. திருப்பூரில் நொய்யல் கரையோரம் ஒரு சாயப்பட்டறை. பனியன் துணிக்குச் சாயம் ஏற்றுகிற இடம். அங்கே 'லேப்' என்று மரியாதையாக அழைக்கப்பட்ட ஓட்டுக்கூரை அறைக்கு நான் அதிபதி. வெளிநாட்டு வியாபாரி தபாலில் அனுப்பும் விரல் நீளத் துணித்துண்டைப் பார்த்து, அதே நிறத்தை நம் துணியில் கொண்டுவந்து நிறுத்துவது என் வேலை. பட்டறை முழுவதிலும் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். நாலு வருஷம் ராஜாவாக இருந்தேன்.

ஐந்தாம் வருஷம் இவர் வந்தார். தண்ணீரையும் பாய்லரையும் பார்த்துக்கொள்ள ஒரு கெமிஸ்ட் வேண்டும் என்று முதலாளி கொண்டுவந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எம்.எஸ்ஸி. வடக்கே, பூமிக்கடியில் எரிவாயு தேடுகிற பெரிய கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் எட்டு வருஷம் இருந்தவர். மனைவிக்கு ஊர் திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல். 'சப்பாத்தி தின்று என்னால் சாக முடியாது' என்று அந்த அம்மாள் பிறந்த ஊருக்கே பெட்டியைக் கட்ட, இவரும் பின்னாலேயே வந்துவிட்டார்.

முதலாளி என்னை நாலு வருஷமாக "ஏங்கண்ணு" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இவரை நாலாம் நாளே "சார்" என்றார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆள் பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதம் இல்லை. ஒடிசலாக, சட்டைப் பையில் எப்போதும் ஒரு ரப்பர் கார்க்கும் ஒரு ஊசிக்குழலும் வைத்துக்கொண்டு திரிவார். டீக்கடையில் நான் ஒரு கோலி சோடா வாங்கினால், குடிக்க விடமாட்டார்.

"இரும்வே. இந்தக் கேஸு எங்க பொறந்ததுன்னு தெரியுமா உமக்கு?"

"சோடாக் கம்பெனியில பொறந்ததுங்க."

"சிலிண்டருக்கு எங்கேர்ந்து வந்துச்சு? கரும்புப் பாகு புளிச்சும் வரும், சுண்ணாம்புக்கல்லைச் சுட்டும் வரும். வாயில வச்சா ரெண்டும் ஒண்ணுதான். ஆனா உள்ளே இருக்க கார்பன் காட்டிக் குடுத்துரும்லா."

அவர் காட்டிக் கொடுத்து முடிப்பதற்குள் என் சோடாவிலிருந்து கேஸ் முழுவதும் போய்விடும். கடையில் இருக்கும் அத்தனை பேரும் வாயைப் பிளந்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் நாலு வருஷமாக அதே கடையில் அதே பெஞ்சில் உட்கார்ந்து சாயத்தைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். ஒருவன் திரும்பிப் பார்த்ததில்லை.

'கேஸ் ஜோசியர்' என்று பெயர் வைத்தவர் பாய்லர் மாரப்பன். விறகுப் பாய்லருக்குத் தீப்போடுகிறவர். கம்பிச் சுருள் போல மீசை வைத்திருப்பார். ஜோசியருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை.

"ஜோசியன் இனிமே நடக்கப் போறதைச் சொல்லுவான். நான் நடந்து முடிஞ்சதைல்லா சொல்லுதேன்" என்று விளக்கம் கொடுத்தார். விளக்கம் யாருக்கும் நினைவில்லை. பெயர் நின்றுவிட்டது. வயிற்றில் வாயு என்று முதலாளியம்மா அவரிடம் மருந்து கேட்டு ஆளனுப்பினார். அவர் சுக்குக் கஷாயம் சொல்லி அனுப்பினார். அதுவும் கேட்டுவிட்டது. என் வீட்டில் சரோஜாவே, "அந்தச் சாரு பேசறதைக் கேட்டா நமக்கும் படிக்கோணும்னு தோணுதுங்க" என்றாள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் என் பேச்சைக் கேட்டு அவளுக்குத் தூக்கத்தைத் தவிர வேறு எதுவும் தோன்றியதாக எனக்கு நினைவில்லை.

இப்படி நான் வெந்துகொண்டிருந்த ஒரு கோடையில்தான் முதலாளி பட்டறையின் பின்பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டார். போர் வண்டி இரண்டு நாள் ஊரையே அதிரவைத்துவிட்டுப் போனது. தண்ணீர் சுமாராக வந்தது. ஆனால் குழாய் வாயில் காதை வைத்தால் புஸ் என்று ஒரு சத்தம். மூன்றாம் நாள் சாயங்காலம் மாரப்பன் அந்தக் குழாய் ஓரமாகக் குத்த வைத்துப் பீடி பற்றவைத்தார். பக்கென்று ஒரு முழ உயரத்துக்கு நெருப்பு எழுந்தது. ஈரச் சாக்கைப் போட்டு அணைத்துவிட்டுப் பார்த்தால் மாரப்பனுக்கு வலது பக்க மீசை மட்டும்தான் இருந்தது.

முதலாளி ஓடிவந்தார். மாரப்பனைப் பார்க்கவில்லை. குழாயைத்தான் பார்த்தார்.

"சாமீ! நம்ம நெலத்துக்கடியில கேஸுக் கெணறுங்க!"

மறுநாள் காலையில் குழாய்க்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தாயிற்று. சூடம் காட்ட வந்தவரைத்தான் ஜோசியர் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். முதலாளி அதற்குள் விறகுப் பாய்லரைத் தூக்கிவிட்டுக் கேஸ் பாய்லர் வைப்பது, மிச்சக் கேஸைப் பக்கத்துப் பட்டறைகளுக்குக் குழாய் போட்டுக் கொடுப்பது என்று நடந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, நீ சொல்லு. இது என்ன கேஸு?" என்று முதலில் என்னைத்தான் கேட்டார்.

நான் ஒரு பாட்டிலில் பிடித்து, எரித்து, அதன்மேல் சுண்ணாம்புத் தண்ணீரைக் காட்டி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு அறிவித்தேன். "மீத்தேனுங்க. சுத்தமான இயற்கை எரிவாயு. கடலுக்கடியில, பாலைவனத்துல எடுக்கறாங்களே, அதேதானுங்க."

"அப்படிப் போடுங்க சார்!" என்றார் முதலாளி.

சார்! நாலு வருஷம் கழித்து சார். மேலே போய் ஓட்டைப் பிரித்துக்கொண்டு பறந்துவிடுவேன் போலிருந்தது.

ஜோசியர் மெதுவாகக் கனைத்தார். "மீத்தேன்னு யாரும் சொல்லிரலாம், அண்ணாச்சி. எங்க பொறந்ததுன்னுல்லா கேக்கணும்."

"எங்க பொறந்தா என்னுங்க? எரியுதில்லீங்க?"

"இதுக்குப் பொறப்பு ரெண்டு விதம். பாதாளத்துல, சூட்டுல, கோடி வருசமா வெந்து வாரது ஒண்ணு. அது வத்தாது. சேறும் சகதியும் அழுகி, கிருமி ஊதி வுடுதது இன்னொண்ணு. அது நாலு மாசத்துல நின்னுரும். பாதாளத்து கேஸு தனியா வராது. ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன்னு தம்பிமாரைக் கூட்டிக்கிட்டு வரும். சகதிக் கேஸுக்கு ஒட்டு உறவு கெடையாது, மீத்தேன் மட்டும் ஒத்தையா நிக்கும். அப்புறம் கார்பன். அதுல லேசானது, கனமானதுன்னு ரெண்டு உண்டு. கிருமி சோம்பேறி. லேசானதாப் பாத்துப் பொறுக்கும். நம்ம மாரப்பன் வெறகு தூக்குத மாதிரி."

"ஏனுங்க சார், என்னய எதுக்கு இழுக்கறீங்க?" என்றார் மாரப்பன், மிச்ச மீசையைத் தடவிக்கொண்டு.

"நம்ம பக்கம் பூராவும் கருங்கல்லு. இந்தக் கல்லுல கேஸு வெளையாது. இங்க பழைய கெணறு, குட்டை எதையும் மூடுனது உண்டா, அண்ணாச்சி?"

முதலாளியின் முகம் ஒரு கணம் மாறியது. "அதெல்லாம் இல்லீங்க" என்றார்.

ஜோசியர் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த லைன் வீடுகளைக் காட்டினார். சுவரோடு சுவர் ஒட்டிய ஐந்து வீடுகள். பட்டறை ஆட்கள் குடும்பத்தோடு இருந்தார்கள். முதல் வீடு மாரப்பனுடையது.

"சகதிக் கேஸுன்னா அது மேலாப்புலயே இருக்கும். இப்ப மண்ணு வெடிச்சுக் கெடக்கு, தானா வெளிய போயிருது. மழை பெஞ்சு மண்ணு ஈரமாச்சுன்னா மூடி போட்ட மாதிரி ஆயிரும். மேல போக வழியில்லாம பக்கவாட்டுல போவும். இந்த வீட்டுத் தரைக்கடியில போயி உக்காரும். அடுப்புப் பத்தவச்சா என்னாவும்?"

"சாட்சி வரட்டுங்க சார், பாத்துக்கலாம்" என்றார் முதலாளி. யாரை நம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அதுவே பெரிய வெற்றி.

சாட்சியை ஜோசியர் பிடித்த விதத்தை ஊரே நின்று பார்த்தது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற கண்ணாடிப் பாட்டில். அதில் தண்ணீரை நிரப்பி, வாளித் தண்ணீருக்குள் கவிழ்த்து, குழாயிலிருந்து ரப்பர் டியூப் வழியாக வாயுவை ஏற்றினார். தண்ணீர் இறங்க இறங்க வாயு நிரம்பியது. தண்ணீருக்குள்ளேயே ரப்பர் மூடியைப் போட்டு, தலைகீழாகவே துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்தார். பிள்ளைத்தாய்ச்சியைப் பேருந்தில் ஏற்றுவது போல அவ்வளவு பதமாக. வடக்கே தன் பழைய ஆய்வுக்கூடத்து நண்பருக்கு முகவரி எழுதி என்னிடம் நீட்டினார்.

"நீரு நாளைக்குக் கோயமுத்தூர் போறீருல்லா? பார்சல் ஆபீஸ்ல குடுத்துரும். கவுத்தே வச்சிருக்கணும், கேட்டீரா?"

அவருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். சமையலறையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். இந்தப் பாட்டில் போய்ச் சேர்ந்து, 'சகதி' என்று பதில் வந்தால் என் 'சார்' போய்விடும். நான் மறுபடியும் கண்ணு. பாதாளத்துக் கேஸுக்கு வேண்டியது தம்பிமார்தானே? தம்பிமார் என் வீட்டுச் சமையலறையிலேயே சிவப்புச் சிலிண்டரில் அடைபட்டிருந்தார்கள். புரோப்பேனும் பியூட்டேனும் கலந்ததுதான் சமையல் கேஸ். லேபிலிருந்து ஊசிக்குழல் ஒன்று என் பையில் இருந்தது. அடுப்பின் ரப்பர் டியூபில் குத்தி இழுத்து, பாட்டிலின் ரப்பர் மூடியில் குத்தி ஏற்றினேன். இரண்டு தடவை.

"ஏனுங்க" என்றாள் சரோஜா, வாசற்படியில் நின்று. "சிலிண்டருக்கு ஊசி போடறீங்களா? என்னுங்க, காச்சலா?"

"டெஸ்ட்டு" என்றேன்.

"உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் முதலாளி என்னை "சார்" என்றார். கேஸ் பாய்லர் படம் போட்ட புத்தகம் வரவழைத்து என்னோடு உட்கார்ந்து புரட்டினார். என் டீயில் தனியாக ஏலக்காய் போட்டார்கள். ஜோசியர் மட்டும் தினமும் ஒரு தடவை வானத்தைப் பார்ப்பார், ஒரு தடவை லைன் வீட்டைப் பார்ப்பார்.

கடிதம் வந்த அன்று தென்மேற்கில் மேகம் திரண்டிருந்தது. ஜோசியர் எதிர் மேஜையில் உட்கார்ந்து படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"வே, இங்க வாரும். மீத்தேன் கார்பன் ரொம்ப லேசு. சந்தேகமே இல்ல, சகதிதான்."

"அப்படீங்களா" என்றேன்.

"ஆனா பியூட்டேன் இருக்கு. புரோப்பேன் இருக்கு. ஈத்தேன் பேருக்குத்தான் இருக்கு. மூத்த தம்பி வராம கடைசித் தம்பிமாரு மட்டும் பந்திக்கு வந்த மாதிரி. பூமியில எங்கயும் இப்படிக் கெடையாது. அது போவட்டும். வாசனை மருந்து இருக்குதாம்வே. சமையல் கேஸ் கசிஞ்சாத் தெரியணும்னு கம்பெனிக்காரன் கலப்பான்லா, அது. பாதாளத்துல எவன் இருந்துக்கிட்டு வாசனை போடுதான்?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"சிலிண்டரு எந்த ஏஜென்சி?" என்றார், வேறு எதையோ கேட்பது போல.

"அவினாசி ரோடுங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. கடிதத்தை மடித்துக்கொண்டு நேராக முதலாளி அறைக்குப் போனார். நான் வெளியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் பெயர் வரும், வரும் என்று காத்திருந்தேன்.

"பாட்டில்ல சமையல் கேஸு கலந்துட்டு அண்ணாச்சி. என் கவனக்குறைவுதான். ஆனா மீத்தேன் சகதிதான். லைன் வீட்டைக் காலி பண்ணிருவோம்."

முதலாளி கடகடவென்று சிரித்தார். "நீங்களே கலந்துட்டேன்னு சொல்றீங்க. அப்புறம் உங்க ஜாதகத்தை எப்படிங்க சார் நம்பறது? அவரு சொன்னதுதான் சரி. நம்ம சார் கெட்டிக்காரர்ங்க."

நம்ம சார் என்பது நான்.

ஜோசியர் வெளியே வந்தார். என்னைத் தாண்டிப் போனார். நேராக லைன் வீட்டுக்குப் போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று, அடுப்பை வெளியே கொண்டுவந்து வையுங்கள், உள்ளே தீப்பெட்டி உரசாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். பெண்கள் சிரித்தார்கள். மழை வரப்போகிற நேரத்தில் எவளாவது அடுப்பை வெளியே வைப்பாளா? அவர் குடையை விரித்துக்கொண்டு மாரப்பன் வீட்டு வாசலில் ஒரு விறகுக் கட்டையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கிற உத்தேசம் இல்லை.

மாரப்பன் மனைவி அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்ததை நான் லேப் ஜன்னலிலிருந்து பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. நான் உட்கார்ந்தால் எனக்கு யாராவது டீ தருவார்களா என்று யோசித்தேன். பிறகு, நான் ஏன் அங்கே உட்காரவில்லை என்று யோசித்தேன். முதல் தூறல் ஓட்டில் விழுந்தது.

முதலாளி அறைக்குள் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சிலிண்டர், ஊசி, இரண்டு தடவை.

முதலாளி பாய்லர் படப் புத்தகத்தை மூடினார்.

"அங்க கெணறு இருந்துச்சு" என்றார், என்னிடம் இல்லை, புத்தகத்திடம் சொல்வது போல. "எங்கப்பன் தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுட்டிருந்த காலத்துல, கஞ்சித் தண்ணி, கழிவு நூலு எல்லாத்தையும் அதுலதான் கொட்டுவாரு. நாந்தான் மூடி, மேல லைன் ஊட்டைக் கட்டினேன். சொன்னா கேஸுக் கெணறு போயிருமேன்னு சொல்லுல." அப்புறம் எழுந்தார். "வாடா கண்ணு, போயி எல்லாத்தையும் வெளிய கூட்டியாரலாம்."

அரை மணி நேரத்தில் ஐந்து குடும்பங்களும் பாத்திரம் பண்டத்தோடு துணி குடோனுக்குள் வந்துவிட்டன. மழை விடிய விடியப் பெய்தது.

காலையில், ஆட்கள் எல்லோரையும் தள்ளி நிறுத்திவிட்டு, ஜோசியர் ஒரு நீள மூங்கில் நுனியில் எண்ணெய்த் துணியைச் சுற்றிக் கொளுத்தினார். வெளியில் நின்றபடியே, ஜன்னல் வழியாக மாரப்பன் சமையலறைத் தரை விரிசலுக்கு நீட்டினார். பக் என்றது. விரிசலோடு விரிசலாக நீலமாய் ஒரு நெருப்பு பாம்பு போல நெளிந்து ஓடி, அடுப்பு மேடையடியில் போய் மஞ்சளாக எழும்பியது. தினமும் காலை ஐந்து மணிக்கு மாரப்பன் மனைவி குத்த வைத்து அடுப்புப் பற்றவைக்கிற இடம் அது. மாரப்பன் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்தார். அவர் கை மீசைக்குப் போகவில்லை.

அடுத்த வாரம் வீடுகளை இடித்துக் கிணற்றைத் தோண்டினார்கள். தார் போலக் கறுத்த சேறும், அதற்குள் இன்னும் முடிச்சு அவிழாத நூல் கண்டுகளும் வந்தன. நாற்றத்தில் பட்டறைக்கு மூன்று நாள் விடுமுறை. அதோடு குழாயில் சத்தம் நின்றது. சாலையோரமாகப் புது லைன் வீடுகள் கட்டினார்கள்.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்புவதாகத்தான் இருந்தார். ஜோசியர்தான் குறுக்கே போய் விழுந்தார்.

"இவரை அனுப்பிட்டா கலர் யாரு பாக்கது அண்ணாச்சி? எனக்கு ராணிப் பிங்க்கும் சாம்பலும் ஒண்ணுதான்."

"வெளயாடாதீங்க சார்."

"நெசமாத்தான். பொறவியிலயே கண்ணு அப்படி. சாயப்பட்டறையில போய்ச் சொன்னா எவன் வேலை குடுப்பான்னு சொல்லல." என் பக்கம் திரும்பினார். "நீரு விரக்கடைத் துணியைப் பாத்துட்டு, ஒரு சிட்டிகை மஞ்சள் கொறவுன்னு சொல்லுவீருல்லா? அன்னிக்கெல்லாம் எனக்குச் சோறு எறங்காதுவே. எப்படி எரியும் தெரியுமா?"

இவ்வளவு நாள் எதிரும் புதிருமாக இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் வெந்திருக்கிறோம். பாய்லர் இல்லாமலே அந்த அறையில் துணி காய்ந்திருக்கும்.

அதற்கப்புறம் ஆறேழு வருஷம் ஒன்றாக இருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில் அவர் அம்மாவுக்கு முடியவில்லை என்று குடும்பத்தோடு தெற்கே போய்விட்டார். பேருந்து நிலையத்தில் ஏற்றிவிட்டேன். "ஒருநாள் வாரும்வே" என்றார். "வர்றனுங்க" என்றேன். போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போய், அப்புறம் அந்த முகவரியில் அவர் இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது.

அவர் நாற்காலிக்கு வேறொருவர் வந்தார். என்னைவிடப் படித்தவர், என்னைவிடச் சம்பளம், முதலாளிக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. சரோஜாவும் அவரை ஒருநாள் புகழ்ந்தாள். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. அன்று மத்தியானம் எதிரே அவரைப் பார்த்துக்கொண்டே நான் நிம்மதியாகச் சாப்பிட்டு முடித்தேன். கை கழுவப் போன இடத்தில், குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.